நடு நாற்காலி காலியாகவே இருக்கட்டும்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஐயா மீனாட்சிசுந்தரம் அவர்களே! ஓடியோடி இந்த விழாவை ஒருங்கிணைத்த செயலாளர், என் உடன்பிறவா அண்ணன் திருச்செல்வம் அவர்களே! கிள்ளானிலிருந்து கைக்குழந்தையோடு கொமுட்டர் ரயில் ஏறி, கால்கடுக்க நின்றபடி வந்து சேர்ந்த தாய்மார்களே! பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றியும், சொன்னபடி மூன்று மணிக்கே வந்து அமர்ந்த பெரியோர்களே! முதல் வரிசையில் இருக்கும் என் தங்கை மாதவி அவர்களே! இன்னும் வந்து சேராத சிறப்பு விருந்தினருக்காக வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கும் அந்த நடு நாற்காலியே! உனக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரிக்க வைத்தவர்களைப் பற்றிப் பேசத்தானே வந்திருக்கிறேன்?

என் பெயர் வாணி. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நீங்கள் நடத்தும் கலை விழாக்களில் ஒலிவாங்கி பிடித்துப் பேர் சொல்லி அழைக்கிறவள். இன்று இருபது நிமிடம் பேசச் சொல்லி என்னையே அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன்.

எனக்குப் பின்னால் மூன்று படங்கள். மூன்றுக்கும் மல்லிகை மாலை. ஒரே ஆளாக நின்று ஒன்பது குரலில் பேசிய ஜெயராஜ், வயது நாற்பத்து நான்கு. மேடையேறினால் கடைசி வரிசையும் கண்கலங்கும் நடிகர் முகுந்தன், நாற்பத்தொன்று. லோரி யுகேன் என்று நீங்கள் செல்லமாகக் கூப்பிட்ட நகைச்சுவைக் கலைஞர் யுகேந்திரன், முப்பத்தொன்பது. படங்களுக்கு மேலே பேனரில் என்ன எழுதியிருக்கிறோம்? காலன் கவர்ந்து சென்ற கலைச்செல்வங்கள்!

காலனா? யார் அந்தக் காலன்? நாம் காலன் மேல் பழி போடுவது ஏன் தெரியுமா? அவன் மேடையேறி மறுத்துப் பேச மாட்டான் என்ற தைரியத்தில்தான்!

ஜெயராஜுக்குச் சர்க்கரை நோய். எத்தனை விழாக்களில், விருந்தினர் சாப்பிட்ட பிறகுதான் கலைஞருக்குச் சாப்பாடு என்று அவரைப் பசியோடு உட்கார வைத்தோம்? முகுந்தனுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். பேர் அச்சடித்துவிட்டோம், வந்தே ஆக வேண்டும் என்று வீட்டு வாசலுக்கே கார் அனுப்பியது யார்? காலனா கார் அனுப்பினான்?

பின்னால் யாரோ, விடுங்கக்கா, விதிக்கா என்கிறார்கள். இல்லை தம்பி. விட மாட்டேன். இன்று விட மாட்டேன்.

யுகேந்திரனின் கதையைக் கேளுங்கள். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். லோரிக்குள்ளேயே உட்கார்ந்து, துறைமுகக் கேட்டு திறக்கும்வரை ஜோக்கு எழுதியவர். போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கிள்ளானில் நம்முடைய விழா. காலையில் தெலுக் பங்லிமா காராங்கில் சரக்கு இறக்கிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வந்தார். மூன்று மணிக்கு மேடையேற வேண்டும். இருபது நிமிட நிகழ்ச்சி. ஏறும்முன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்குலா. இருபது நிமிஷம் முடிச்சிட்டு கிளினிக் போயிட்டு வரேன்.”

நான் என்ன சொன்னேன்? நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன். “கேஸ்ட்ரிக்கா இருக்கும்பா. காலையில சாப்பிட்டிருக்க மாட்ட.” அவரும் தலையாட்டிவிட்டு மேடையேறினார். மண்டபம் குலுங்கியது.

மூன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அன்றைய சிறப்பு விருந்தினர் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். கூட்டம் கலைந்துவிடுமே! என்ன செய்வது? நம் விழாக்களில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர் வரும்வரை சிரிப்புக்காரரை நிறுத்தி வைப்போம். அதற்கென்று ஒரு சைகை உண்டு. மேடையோரம் நிற்கும் அறிவிப்பாளர், ரப்பர் வளையத்தை விரிப்பது போல இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். இழு! இன்னும் கொஞ்சம் இழு!

காட்டினேன். அவர் பார்த்தார். நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று சொன்ன மனிதர், பார்த்துவிட்டுச் சிரித்தார். இழுத்தார். மூன்று நாற்பதுக்கு மறுபடியும் காட்டினேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “மக்களே, என் லோரிக்குக்கூட இவ்வளவுதான் ஏத்தலாம்னு ஒரு கணக்கு இருக்கு. இந்த அக்கா ஏத்துறதுக்கு அளவே இல்ல!”

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்றாம் முறையும் கைகளை விரித்தேன்.

பேனரில் காலன் என்று போட்டிருக்கிறீர்களே, அவன் கை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? இதோ பாருங்கள். இந்த வளையல் போட்ட கைதான்.

இருபது நிமிடம் கேட்டோம். அறுபத்தெட்டு நிமிடம் வாங்கினோம். கடைசியாக அவர் சொல்லத் தொடங்கியது ஒரு வீட்டு ஜோக்கு. போர்ட் வாசலில் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கிறார். மனைவி போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஒரு மணி நேரம் முன்னால் சொன்ன அதே இடம்தான் என்கிறார் இவர். நம்புவாரா மனைவி? அந்த இடத்தில், ஜோக்கின் நடுவில், வாசலில் மேளம் கொட்டியது. நாதஸ்வரம் எழுந்தது. விருந்தினர் வந்துவிட்டார்! அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பினோம். மேடையில் ஒருவர் கும்பிட்டுவிட்டு இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு கைகூடத் தட்டவில்லை.

ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. “ஜோக்கு முடிக்கலக்கா,” என்றார். அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். உள்ளே அந்த நேரத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் என்னிடம் வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். மூன்று மணிக்கு முன்பே என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தை யார் தின்றது? அந்த விருந்தினரா? அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நெரிசலுக்கு அவர் என்ன செய்வார்? எனக்காகக் காத்திருங்கள் என்று அவரா சொன்னார்? நாம் காத்திருந்தோம். நாம் காக்க வைத்தோம். ஒரு நாற்காலி காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு வீட்டைக் காலி செய்தோம்!

இதை ஓராண்டாக நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுதான் யுகேந்திரனின் மனைவி மாதவியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, “எங்கிட்ட சொன்னத மேடையில சொல்லுவீங்களாக்கா?” என்று மட்டும் கேட்டாள். அதனால்தான் நிற்கிறேன்.

இருங்கள். ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. அண்ணன் திருச்செல்வம் எழுதியிருக்கிறார். வாசிக்கட்டுமா? ‘விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார். இன்னும் பதினைந்து நிமிடம் பேசவும்.’

அண்ணே, தலைகுனியாதீங்க. நீங்க நல்லவர். உங்க கை எழுதல, பழக்கம் எழுதுது. என் கையும் அன்னைக்கு அப்படித்தான் விரிஞ்சது.

ஆனால் இன்று விரியாது! இனி எந்த மேடையிலும் விரியாது! இந்தப் பள்ளத்தாக்கில் ஒலிவாங்கி பிடிக்கும் அத்தனை பேரையும் கேட்கிறேன். இழுக்கச் சொன்னால், மாட்டேன் என்று சொல்வீர்களா? கலைஞன் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கட்டும். அவனுக்குப் பசித்தால் முதல் பந்தியில் சாப்பிடட்டும். நோய் என்றால் வீட்டில் படுத்திருக்கட்டும். வர வேண்டியவர் தாமதமானால், நடு நாற்காலி காலியாகவே இருக்கட்டும்! எத்தனை பேர் சம்மதிக்கிறீர்கள்? கைகளைக் காட்டுங்கள். கடைசி வரிசை? அங்கேயும் தெரிகிறது. தலைவர் ஐயாவும் கை தூக்கிவிட்டார்!

அப்படியானால் ஐயா, ஓர் அனுமதி வேண்டும். விருந்தினர் வந்து ஏற்ற வேண்டும் என்று இந்தக் குத்துவிளக்கு எண்ணெயும் திரியுமாகக் காத்துக் கிடக்கிறது. இது காத்திருந்தது போதும். மாதவி, மேலே வாம்மா. முதல் திரியை நீ ஏற்று.

ஏற்றிவிட்டாள். மணி மூன்று இருபது. எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. ஒரே ஒரு கடன் பாக்கி இருக்கிறது. யுகேந்திரன் முடிக்காமல் விட்ட ஜோக்கு. முடிவு மாதவிக்குத் தெரியும், நேற்று எனக்குச் சொல்லித் தந்தாள். அவர் குரல் எனக்கு வராது. வார்த்தை அவருடையது:

“ஊருல எல்லாரும் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லி மாட்டுவானுங்க. நான் ஒருத்தன்தான் உண்மைய சொல்லி மாட்டிக்கிட்டேன்லா!”

இப்போது தட்டுங்கள். அன்று அவர் இறங்கும்போது கேட்காத சத்தம், கிள்ளான் வரைக்கும் கேட்கட்டும். நேரத்துக்கு வந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நான் இறங்குகிறேன். வணக்கம்.