இடைவெளி இல்லாத பாட்டு

எனக்குப் பாட வராது. ஞாயிறு பூசையில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதுகூட வாயை மட்டும் அசைத்துவிட்டு நிற்பேன். ஒருமுறை தவறிச் சத்தம் வெளியே வந்துவிட்டது. முன்வரிசைக் குழந்தை அழத் தொடங்கியது. அப்படிப்பட்ட நான்தான் சனிக்கிழமைப் பின்னேரங்களில், மண்கும்பானில் ஒரு வாசிகசாலையில், உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை படிக்கிற பதினொரு பிள்ளைகளுக்குச் சினிமா இசையை எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி விமர்சிப்பது என்று படிப்பித்து வருகிறேன்.

பெயர் அன்ரனிதாஸ். வயது ஐம்பத்தேழு. முப்பத்தைந்து வருடமாக இந்தத் தீவில் ஒலிபெருக்கி கட்டுகிறவன். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, மாதா பெருநாள், செத்தவீடு எல்லாவற்றுக்கும் என்னுடைய ஸ்பீக்கர்தான். "தாஸ் அண்ணை இல்லாமல் இந்த ஊரில ஒருத்தரும் கலியாணம் கட்டவும் ஏலாது, சாகவும் ஏலாது" என்பார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம். "நல்லா இருக்கு" என்று யாரும் சொல்லக்கூடாது. எந்த வாத்தியம் எங்கே உள்ளே வருகிறது, எங்கே நிற்கிறது, அது வந்தபடியால் நமக்கு எது கேட்காமல் போகிறது என்று சொல்லவேண்டும். கடைசிக் கேள்வி என்னுடைய சொந்தச் சரக்கு. ஒரு படக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, "இந்த இசை எதை மறைக்குது?" என்று கேட்பேன். முதல் நாள் எல்லோரும் விழித்தார்கள். லவன் மட்டும் கையை உயர்த்தி, "ஹீரோவுக்கு நடிக்கத் தெரியாததை மறைக்குது சேர்" என்றான். முழுப் புள்ளி கொடுத்தேன்.

ஒருநாள் அவர்களைச் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். குளிக்க வந்த சனங்களின் மூன்று வான்கள் நின்றன; மூன்றிலும் மூன்று பாட்டு. "பாட்டு மூச்சு விடுற இடத்திலதான் கடல் கேட்கும், அந்த இடங்களை எண்ணுங்கோ" என்றேன். பிள்ளைகள் மூன்று, நான்கு என்று எழுதினார்கள். கம்சிகா என்ற பிள்ளை ஒன்பது இடங்களைக் குறித்திருந்தாள். என்னுடைய கணக்குப் பத்து. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இந்தப் பிள்ளையிடம் கவனமாக இருக்கவேண்டுமென்று. நானோ வீட்டுக்குப் போய், நல்ல மாணவி கிடைத்த சந்தோசத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தேன்.

போன மாதம் ஒரு பயிற்சி கொடுத்தேன். பழைய பாட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அயலிலுள்ள ஐந்தாறு பேரை, பாட்டைப் போட்டுக் காட்டாமல், நினைவிலிருந்து முணுமுணுக்கச் சொல்லிப் போனில் பதிய வேண்டும். பிறகு உண்மையான பாட்டோடு ஒப்பிட வேண்டும். இசையில் எது மனதில் நிற்கிறது, எது கழன்று போகிறது என்று பார்க்கத்தான். பயிற்சியை யோசித்தவன் நானே. ஆகவே வேறு ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

கம்சிகா எடுத்தது எண்பதுகளில் வந்த ஒரு பாட்டு. பெயர் வேண்டாம், நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும். பிறகு நான்கு செக்கன், தூரத்தில் ஒரு சின்ன மணிச்சத்தம் மட்டும். அதற்குப் பிறகுதான் குரல் வரும். அந்த நான்கு செக்கனுக்காகவே அந்தப் பாட்டைப் பெரிய ஆட்கள் புகழ்வார்கள்.

"சேர், எங்கட ஒழுங்கையில ஆறு பேரைப் பதிஞ்சனான்" என்றாள் கம்சிகா. "ஆறு பேரும் அந்த மணியை விட்டிட்டு வயலினிலயிருந்து நேர சரணத்துக்குப் பாயினம்."

"வயசு போனால் மறதி வரும் பிள்ளை."

"மறதி எண்டால் ஆளுக்கு ஒரு இடத்தில எல்லோ சேர் மறக்கும்? இது ஆறு பேருக்கும் ஒரே இடம்."

"உங்கட ஒழுங்கைக் கிணத்துத் தண்ணியில ஏதோ கிடக்கு" என்றான் லவன்.

"நீர் வாயைப் பொத்தும். சேர், அடுத்த ஒழுங்கையிலயும் நாலு பேரைப் பதிஞ்சனான். அவையில மூண்டு பேர் மணியோட சரியாப் பாடினம். அம்மாவும் எங்கட ஆக்கள் மாதிரித்தான் பாடுறா. அவ அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் எழும்பிப் போயிடுவா. நான் கெஞ்சிக் கூத்தாடித்தான் பாட வைச்சனான்." பிறகு கொப்பியைப் பார்த்து, தன்னுடைய முடிவை வாசித்தாள். இந்த ஒழுங்கையில் உள்ளவர்கள் கேட்டது வேறு பாட்டு. யாரோ அந்த நான்கு செக்கனை வெட்டி எடுத்த ஒரு கசற்றை அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். "அந்தக் காலத்தில ஊரில ஆரிட்ட சேர் ஸ்பீக்கர் இருந்தது?"

"என்னட்டத்தான்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கம்சிகா சிரிக்கவில்லை. தவறாக எழுதவுமில்லை. வெட்டியவன் நான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. அந்த ஒழுங்கையின் முடிவில் ஒரு பெரிய கல்வீடு. வீட்டுக்காரர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். தோளில் துவக்கு மாட்டியிருந்த சிலர் அதில் வந்து இருந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்பீர்கள். சொன்னால் நீங்கள் அவர்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பீர்கள், என்னை மறந்துவிடுவீர்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து, ஸ்பீக்கரையும் ஜெனரேற்றரையும் கொண்டு வரச் சொன்னார்கள். பிறந்தநாளாக்கும் என்று நினைத்துக் கலியாணப் பாட்டுகளாகப் பொறுக்கிக் கொண்டுபோனேன். பூவரச மரத்தில் ஸ்பீக்கரை ரோட்டுப் பக்கம் பார்க்கக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். "சத்தமாப் போடு" என்றார்கள். போட்டேன்.

ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் கசற் மூன்று செக்கன் வெறுமையாக ஓடும். அந்த மூன்று செக்கனில் பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மாடு என்று நினைத்தேன். இரண்டாவது இடைவெளியில் அது மாடு இல்லை என்று தெரிந்தது.

பொறுப்பாக இருந்தவர் வெளியே வந்தார். கோபப்படவில்லை. துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, பாட்டு மூச்சு விடுது. அது எனக்கு வேண்டாம்" என்றார். திரையிசையைப் பற்றி எனக்கு முதன்முதல் பாடம் எடுத்தவர் அவர்தான். இன்றுவரை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் நாள் துவக்குக்குப் பயந்து போனேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாவது கிழமை அவர்கள் கூப்பிட வரவில்லை. நேரமாகிவிட்டதே என்று நானாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். வீட்டில் இரண்டு கசற் டெக் இருந்தன. பாட்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் புதுக் கசற்றுகள் செய்தேன். ஒரு கொப்பி வைத்து, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வாத்தியம் மெலிகிறது, எத்தனை செக்கன், அதற்குள் வெளியில் என்ன கேட்கும் என்று எழுதினேன். சோகப் பாட்டுகள் பிரயோசனமில்லை; அவற்றில் ஓட்டைகள் அதிகம். மேளமும் கோரசும் உள்ள சந்தோசப் பாட்டுகள் திறம். ஆண் குரலை ஆண் குரல் மூடாது, கூட்டுக் குரல் மூடும். இப்போது வகுப்பில் நான் கொடுக்கிற குறிப்புகளில் முதல் ஆறு பக்கம் அந்தக் கொப்பியிலிருந்து எடுத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதுவார்கள். இந்தளவு நுணுக்கத்தை எங்கே படித்தீர்கள் என்று ஒரு வாத்தியார்கூடக் கேட்டார். அனுபவம் என்றேன்.

என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைக்கவேண்டாம். நான் அயலாருக்காகவும் யோசித்தேன். பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளை அக்கா ஒருநாள் வேலியோரம் நின்று, "தாஸ், உன்ர பாட்டு நிக்கேக்கைதானடா எனக்குப் பயமாக்கிடக்கு. பிள்ளையள் சோத்தைக் கையில வைச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாக்குதுகள்" என்றார். அதற்குப் பிறகு நான் நிற்க விடவில்லை. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் இப்போது கனடாவில் நல்லாயிருக்கிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல்தான். அந்தப் பொறுப்பாளருக்குக் கம்சிகா எடுத்த பாட்டு மிகவும் பிடிக்கும். ஒரு பின்னேரத்தில் ஏழெட்டுத் தடவை போடச் சொல்வார். மணி வரும் இடத்தில் நான் ஸ்பீக்கர் வயரைச் சரிபார்ப்பதுபோல எழும்பிப் போய்விடுவேன். வாசித்தவர்கள் மணியை அவ்வளவு மெல்லமாக வாசித்திருக்கத் தேவையில்லை என்பதுதான் அந்தப் பாட்டைப் பற்றி என்னுடைய விமர்சனம்.

கம்சிகாவின் தாய் துஷாந்திக்கு அப்போது பதினெட்டு வயது. அவவுக்கு ஒரு தமையன், தவநேசன். சைக்கிள் திருத்துகிற பெடியன்; இருபத்திரண்டு வயது. ஆடி மாதம் ஒரு காலையில் ஊர்காவற்றுறைக்கு ரயர் வாங்கப் போனவன் வரவில்லை. அவர்களுடைய வீடு அதே ஒழுங்கையில், கல்வீட்டிலிருந்து எட்டாவது வளவு. தாய் கல்வீட்டுக்குப் போய்க் கேட்டா. அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். பிறகு கொழும்பு, காலி என்று ஒவ்வொரு சிறைவாசலாகப் போனா. படத்தை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் அலைந்து செத்துப்போனா. அந்தச் செத்தவீட்டுக்கு நான்தான் ஸ்பீக்கர் கட்டினேன், இலவசமாக. காணாமல் போனவர்களின் ஆட்கள் பந்தல் போட்டு உட்காருகிற நாட்களில் மைக் கொடுப்பதும் நான்தான். துஷாந்தி அந்த மைக்கில் தமையனின் பெயரைச் சொல்லும்போது இரைச்சல் வராமல் பார்த்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது துஷாந்தி மகளோடு வந்தா. கம்சிகாவின் கட்டுரையைக் கையில் வைத்திருந்தா. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தாஸ் அண்ணை, நான் சண்டைக்கு வரேல்லை. ஒண்டைத்தான் கேக்க வந்தனான். எங்கட அண்ணா அங்க இருந்தவரோ?"

"எனக்கு உள்ளுக்க போக விடேல்லைப் பிள்ளை. நான் மரத்தடியில இருந்தனான்."

"போனனீங்களோ எண்டு கேக்கேல்லை."

நான் இன்னொரு கதிரையை எடுத்து அடுக்கினேன்.

"அவர் எட்டு வளவு தள்ளி இருந்தவர் எண்டால் நான் இனி ஒரு கந்தோருக்கும் போக மாட்டன்" என்றா. "இல்லையெண்டால் இந்தக் கிழமை கழிச்சுத் திங்கக்கிழமை கொழும்புக்குப் போகவேணும், ஏதோ புது லிஸ்ற்றாம். வாற சனிக்கிழமை வாறன். ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்லுங்கோ." திரும்பும்போது, "பிள்ளைக்குப் புள்ளியைப் போட்டு விடுங்கோ. கஷ்டப்பட்டு எழுதினவள்" என்றா.

நாளைக்குச் சனிக்கிழமை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், சாராயம் குடித்தேன் என்று சொல்வேன். பாட்டுப் போட்டேன் என்று சொன்னதில்லை. அதை ஒரு பாவமாக எந்தப் புத்தகத்திலும் எழுதி நான் பார்க்கவில்லை.

ஓம், துஷாந்தி. அவன் அங்கேதான் இருந்தவன்.

ஆடி மாதம் பதினேழாம் திகதி, பின்னேரம் மூன்றரை மணியிருக்கும். அந்தப் பாட்டு ஐந்தாவது தடவையாகப் போய்க்கொண்டிருந்தது. வயலின் நின்றது. நான் எழும்பப் பிந்திவிட்டேன். பின்னறையிலிருந்து அலறல் ஒன்றும் வரவில்லை. ரோட்டில் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, மரியாதையாக ஒரு குரல். "தாஸ் அண்ணை, தவநேசன். அம்மாட்டச் சொல்லுங்கோ." சரியாக நான்கு செக்கன். சரணம் தொடங்கிவிட்டது.

ஊரில் ஸ்பீக்கர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தானே. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தாலும், பாட்டுப் போடுவது யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டில் எந்த இடத்தில் கூப்பிட்டால் எனக்குக் கேட்கும் என்றும் தெரிந்திருக்கிறது. நான்கு தடவை பொறுத்திருந்து, ஐந்தாவது தடவை கூப்பிட்டிருக்கிறான். எனக்கு அப்படி ஒரு மாணவன் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது உங்கள் படலைக்கு முன்னால்தான் போனேன். அம்மா முற்றத்தில் நின்று, "தாஸ், சாப்பிட்டியோ?" என்று கேட்டா. ஓமென்றேன்.

மறுநாள் காலையில் அந்த நான்கு செக்கனை வெட்டினேன். இலட்சுமிப்பிள்ளை அக்காவின் பிள்ளைகளுக்காகத்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வெட்டிய இடம் தெரியாது; வயலினும் குரலும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. பொறுப்பாளருக்கே வித்தியாசம் பிடிபடவில்லை. அந்தக் கசற்றை இன்னும் ஒன்பது நாள், நாளுக்கு ஏழெட்டுத் தடவை போட்டேன். பத்தாம் நாள் போனபோது கல்வீடு வெறுமையாகக் கிடந்தது.

கட்டுரைக்குத் தொண்ணூற்றைந்து போட்டிருக்கிறேன், கம்சிகாவிடம் சொல்லுங்கள்.

இன்னுமொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும், மனதுக்கு ஆறுதலாக இருக்கும். அந்த ஒன்பது நாளில் அவன் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.