மயில்சாமியை விட்டிருக்கலாமா

வெளுக்காத கோராத் துணி வாங்கினால் தைப்பதற்கு முன் அதைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நெய்யும்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்போதுதான் விடும். ஊறப்போடாமல் தைத்தால் முதல் சலவையிலேயே சட்டை அக்குளைப் பிடிக்கும். என் அப்பா சோமனூரில் தறி போட்டவர். அதனால் எழுத்து படிப்பதற்கு முன்பே எனக்கு இது தெரியும். ஆண்கள் பலருக்குத் தெரியாது. துணிக்கடை வைத்திருக்கும் மக்பூல் பாய்க்குக்கூட விற்கத்தான் தெரியும்.

இதை எழுத உட்கார்ந்ததே மக்பூல் பாய்க்காகத்தான். கோத்தகிரி பஜாரில் அவர் கடை வாசலில்தான் என் தையல் மிஷின் ஓடுகிறது. மழைக்காலம் பிறந்ததும் எங்கள் எஸ்டேட்டின் பழைய பந்தாட்டக்காரர்கள் அவர் கடையில் ஒதுங்குவார்கள். சூடாக டீ வரும். உடனே அந்தப் பழைய வழக்கு தொடங்கும். மயில்சாமியை டீமிலிருந்து முன்னாலேயே விட்டிருக்கலாமா, கூடாதா?

விட்டிருக்க வேண்டும் என்பார் ரைட்டர் லிங்கசாமி. எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதியவர், டீமுக்கும் அவர்தான் காரியதரிசி. விட்டிருந்தால் அந்த வருஷம் பந்தாட்டக் கோப்பை வந்திருக்காது என்பான் வேலன். அவன் கோல் காத்தவன். இருவரும் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு முடித்ததும் மக்பூல் பாய் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாந்தானுங்க அவரப் புடிச்சு வெச்சேன். நாந்தான் கொன்னேன்" என்பார். பன்னிரண்டு வருஷமாக இதே அழுகை. நல்ல மனிதர். வயதாகிவிட்டது, மூச்சிரைப்பு வேறு. இந்த வயதில் ஒருவர் தப்பான காரணத்துக்காக அழுதுகொண்டிருப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மயில்சாமி என் கணவர்.

கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் அப்போது அவரைத் தெரியாதவர் இல்லை. பூட்ஸ் போட்ட துரைமார் டீமை வெறுங்காலோடு ஆடித் தோற்கடித்தவர். தரையைக் கால்விரலால் படிப்பார். எங்கே சேறு, எங்கே புல்லுக்கடியில் கல் என்று விரல் சொல்லும், உடம்பு கேட்கும். அவர் பந்தோடு திரும்பினால், காவலுக்கு நின்றவன் இல்லாத பந்தைத் துரத்திக்கொண்டு போவான். கூட்டம் சிரித்து உருளும். பந்துக்காகவே துரை அவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் நிழல் வேலை கொடுத்திருந்தார்.

வெறுங்காலில் ஆடுகிறவர்கள் பாதத்திலும் கணுக்காலிலும் துணிப்பட்டை சுற்றிக் கட்டுவார்கள். எங்கள் டீமில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கட்டை அவனவன் வீட்டுப் பெண்தான் கட்ட வேண்டும். மைதானத்தில் வேறு எவனும் அதைத் தொடக்கூடாது, ஆடுகிறவனே அவிழ்க்கவும் கூடாது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கட்டியவள் கைதான் அவிழ்க்கும். இல்லாவிட்டால் டீமுக்கு ஆகாது என்று எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். லிங்கசாமி மெட்ரிக் படித்தவர், அவரும் நம்பினார். துணி மக்பூல் பாயின் உபயம். வீட்டுக்கு ஒரு துண்டு கோரா அனுப்புவார்.

முதல் தடவை நடந்தது அசல் விபத்து. ஊறப்போட நேரம் இல்லாமல் புதுத்துணியைக் கிழித்துக் கட்டிவிட்டேன். பாதி ஆட்டத்தில் தூறல் பிடித்தது. நனைந்த துணி சுருங்கி இறுக, விரல் மரத்துவிட்டது. தரை தெரியாமல் கால் வைத்தார், கணுக்கால் மடங்கியது.

மூன்று வாரம் கட்டிலில் இருந்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்களுக்குக் குழந்தை கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவரை ஃபேக்டரியும் மைதானமும் பங்கு போட்டுக்கொண்டு, மிச்சம் இருப்பதைத்தான் எனக்கு அனுப்பின. இப்போது முழு மனிதர் வீட்டில் இருந்தார். பல்லாங்குழி ஆடினோம். சோழியைத் திருடுவார், பிடித்தால் கால் வலிப்பதாக முனகுவார். நான் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவேன், கெட்டவன் பேசும் இடமெல்லாம் லிங்கசாமி குரலில் பேசிக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும். அடிபட்ட ஆட்டக்காரனைப் பார்க்க எஸ்டேட்டே வரும், முட்டையும் ஆரஞ்சுமாக. "ஏம்புள்ள சாந்தா, கால் சீக்கிரம் கூடிருமாட்ட இருக்குது, முட்ட வரத்து நின்னு போகுமே" என்பார்.

கால் கூடியது. மறுபடி மைதானத்துக்குப் போனார். வீடு கிணறு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் நேரம் இருந்தது. ஆனாலும் துணியை ஊறப்போடவில்லை.

இதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். நான் ஒன்றும் செய்ததாகச் சொல்ல முடியாது, செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். எல்லா ஆட்டத்துக்கும் அப்படி இல்லை. வெயில் நாளில் நன்றாகத் துவைத்த துணிதான். அவர் கோல் போட்டால் எனக்கும் பெருமைதானே. மழை இருட்டிக்கொண்டு வரும்போது மட்டும், அதுவும் வீடு ரொம்ப வெறிச்சென்று இருந்தால் மட்டும், புதுத்துணி. இப்படி ஐந்தாறு வருஷம் போயிற்று. அவருக்கு முப்பத்தைந்து வயது நெருங்கியது. சுளுக்கின கணுக்கால் மறுபடி மறுபடி சுளுக்கியது. வயசாச்சு, எலும்பு தேய்ஞ்சுபோச்சு என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

ஒரு மே மாதம் அவர் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தபோது, டீம்காரர்கள் மூவரும் பார்க்க வந்தார்கள். லிங்கசாமி உட்காரும்போதே தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க மயில்சாமி, கோவிச்சுக்காதீங்க. போன வருசம் பாதி ஆட்டத்துக்குமேல நீங்க கட்டில்ல. இந்த வருசம் தொடக்கமே கட்டில். உங்க எடத்துல ஒரு இளவட்டத்த எறக்கலாம்னு துரையே கேக்கறாருங்க."

"துரை கேப்பாரு" என்றார் மக்பூல் பாய். "இவுரு நொண்டிக்கிட்டு நின்னாலும் எதிராளி ரெண்டு பேரு இவரையே காவல் காப்பான். மிச்சம் எத்தன பேருன்னு நீங்களே கணக்கெழுதுங்க, ரைட்டரே."

"நிக்கிறதுக்கு ஆளு வேணும்னா கோல்கம்பம் ரெண்டு இருக்குதுங்களே பாய்."

வேலனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணன விட்டுட்டா நான் வருவனுங்களா ஆட்டத்துக்கு? கோலுகிட்ட சும்மா நிக்கற எனக்கு வேடிக்க காட்ட வேற யாரு இருக்காங்க?"

என் கணவரும் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போது விரல்கள் கட்டில் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தன. டீமிலிருந்து விட்டால் நிழல் வேலை போகும், எஸ்டேட் வீடு போகும். அதைவிட, அவர் ஆட்டக்காரனாக இல்லாமல் போவார். அந்த விரல்களை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மக்பூல் பாய் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ சொல்லும்மா. கால் யாரோடதுன்னு பாத்தா உன்னோடதுதான்."

அப்போது எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. டீம் கைவிட்ட மனிதர் வீட்டில் இருக்கமாட்டார். வேலை தேடி ஊர் ஊராக அலைவார், இல்லை எங்காவது குடித்துக் கிடப்பார். டீமில் இருந்து அடிபட்ட மனிதர்தான் வீட்டில் இருப்பார், அதுவும் சந்தோஷமாக.

"எனக்கு என்னங்க பாய் தெரியும்? ஆடற மட்டும் ஆடட்டுமுங்க. டீம விட்டு நிறுத்துனா அவரு உசுரே போயிருமுங்க" என்றேன்.

மக்பூல் பாய் தொடையைத் தட்டினார். "கேட்டீங்களா ரைட்டரே!" பேச்சு அதோடு முடிந்தது. ஆக, அவரை டீமில் பிடித்து வைத்தது நான். பாய் ஒன்றும் செய்யவில்லை. இதை அவர் மறந்துவிட்டார், பாவம்.

ஆனால் லிங்கசாமி கெட்டிக்காரர். யாருக்கும் மனம் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வருஷம் ஜூலையில் நடக்கும் கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் மயில்சாமி ஆடுவார், பிறகு மாலை போட்டு மரியாதையோடு விடுவார்கள். கூடலூரில் ஓர் எஸ்டேட் புதிதாக டீம் சேர்த்துக்கொண்டிருந்தது. அங்கே பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் வேலை, சம்பளமும் வீடும் உண்டு. ஆட வேண்டாம், அடிபட வேண்டாம். மக்பூல் பாயின் சம்பந்தி அங்கே மிளகு வியாபாரி, அவர் மூலமாகப் பேசி முடித்துவிட்டார்கள்.

என் கணவர் அன்று வீட்டுக்குள் நொண்டி ஆட்டம் ஆடினார். "ஏம்புள்ள, இனிமே காலுக்கு ஒரு கேடும் இல்ல. விடிஞ்சா மைதானம், பொழுது போனா ஊடு. முப்பது பசங்களாம்! மலையாளம் பேசற பசங்க. நான் கத்துனா அவுங்களுக்குப் புரியாது, அவுங்க திட்டுனா எனக்குப் புரியாது!"

முப்பது பையன்கள். விடிந்தால் மைதானம். நானும் சிரித்தேன்.

இறுதி ஆட்டத்தன்று காலையிலிருந்தே மழை. முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் புதுத்துணியைப் பிரித்தேன். கஞ்சி வாசனை வந்தது. எப்போதையும்விட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினேன். அவர் என் உச்சந்தலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். முதல் பாதியில் அவர் போட்ட கோலுக்கு, குடை பிடித்து நின்ற துரைசானிகூடக் குடையைக் கீழே போட்டுக் கைதட்டினாள். நானும் தட்டினேன், உண்மையாகவே தட்டினேன். இரண்டாம் பாதியில் அவர் தரையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். விரல் பேசுவது நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒருவன் குறுக்கே வந்தான், இவர் தாண்டி இறங்கினார், இறங்கின கால் தப்பாக இறங்கியது. இந்தத் தடவை சுளுக்கு இல்லை. எலும்பு.

அந்த ஒரு கோலில் கோப்பை வந்தது. கோப்பையை அவர் நெஞ்சில் வைத்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலியோடு சிரித்தார்.

எலும்பு கட்டுகிறவர் வந்து, முட்டையும் உளுந்தமாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். கெட்டிக்காரர். "நல்லாக் கூடிரும். கூடலூருக்கு நடந்தே போவாரு" என்றார். போகும்போது வாசலில் என்னிடம் ஒன்று சொன்னார். கால்விரல் சில்லிட்டாலோ நிறம் மாறினாலோ உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். தலையாட்டினேன்.

நடந்தே போவார் என்றாரே, அதுதான் எனக்கு உறுத்தியது. அன்று மாலையே அந்தக் கட்டின்மேல் புதுக்கோரா சுற்றினேன், கதகதப்பான தண்ணீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தேன். கால் சற்று மெதுவாகக் கூடட்டும், கூடலூர்க்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவரைப் பிழைப்பற்றவராக்க நினைக்கவில்லை. என் கையில் தையல் இருந்தது. இருவர் சாப்பிடலாம்.

மறுநாள் அவர் சோழியைத் திருடவில்லை. "சாந்தா, கட்டு ரொம்ப இறுக்குது புள்ள. கொஞ்சம் அவுத்து வுடு" என்றார். "வைத்தியரு பிரிக்கக்கூடாதுன்னுட்டாருங்க" என்று சொல்லி, புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அடுத்த நாளும் கேட்டார். காய்ச்சல் வந்திருந்தது. காய்ச்சலில் மனிதர்கள் என்னென்னவோ கேட்பார்கள். விரல்கள் நாவற்பழ நிறமாக இருந்தன, போர்வையை இழுத்துவிட்டேன். எஸ்டேட் கம்பவுண்டர் பார்க்க வந்தார். வீட்டில் கட்டிய கட்டை வேறு கை தொடக்கூடாது என்று வாசலில் நின்றே சொன்னேன். அவரும் எங்கள் டீம்காரர்தான், புரிந்துகொண்டு திரும்பிப் போனார். பிறகு வலிக்கவில்லை என்றார் என் கணவர். எவ்வளவு நிம்மதியாக இருந்தது. அன்று என் மடியில் தலை வைத்துத் தூங்கினார். நாற்றம் வெளியே போகத் தொடங்கியதும் வேலன் கதவை உடைத்துக்கொண்டு வந்து, அவரைத் தூக்கிக்கொண்டு குன்னூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினான். பாதி மலை ஏறும் முன்னே முடிந்துவிட்டது.

ஆகவே மக்பூல் பாய், ரைட்டர் அய்யா, வேலா, உங்கள் வழக்கு இத்தோடு தீரட்டும். அவரை நீங்கள் விட்டிருந்தாலும் சரி, பிடித்து வைத்திருந்தாலும் சரி, ஒரு வித்தியாசமும் இல்லை. ஆடும்போது அவர் காலை ஒவ்வொரு தடவையும் கெடுத்தது நான். உடைந்த காலை இறுக்கி அழுகவிட்டுக் கொன்றதும் நான். இனி டீ குடிக்கும்போது நல்ல விஷயங்களைப் பேசுங்கள். அந்தக் கோலைப் பற்றிப் பேசுங்கள். மிஷினை நிறுத்திவிட்டு நானும் கேட்பேன்.

ஒன்று மட்டும் யாரும் தப்பாக நினைக்கக்கூடாது. எனக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம் என்று எல்லோருக்கும் தெரியும். வலிக்கிறது, அவிழ்த்துவிடு என்று அவர் வாய் திறந்து ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், அந்த நிமிஷமே கத்தரியை எடுத்திருப்பேன்.