உள்நோக்கிய அம்பு

நீங்கள் அழைப்புமணியை அடித்த அதிர்ச்சியில் நான் திரும்பியதும் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. பரவாயில்லை, உட்காருங்கள். பல்கலைக்கழக விசாரணை அதிகாரி என்றால் கடுகடுவென்று இருப்பார் என நினைத்திருந்தேன். என் கட்டுரையை வரிவரியாகப் படித்திருக்கிறீர்கள். அதுவே எனக்குப் பெரிய மரியாதை.

ஆமாம், முப்பத்தோராம் பக்கம். அங்கேதான் சறுக்கினேன்.

அதிபரவளைய வெளி என்பது, தள்ளிப் போகப் போக இடம் பெருகிக்கொண்டே போகும் வெளி. அதில் வளைந்து கிடக்கும் மிகைப்பரப்புகளைத்தான் நானும் என் மனைவியும் இருபது வருடமாக ஆராய்ந்தோம். பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாக ஓர் அம்பு நட வேண்டும். அது பார்க்கும் திசையைப் பொறுத்து வளைவு கூட்டலாகும், அல்லது கழித்தலாகும். என் அம்பு எப்போதும் வெளியே பார்க்கும். அவளுடையது உள்ளே. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சண்டை அதுதான்.

எவ்வளவு வளைந்தால் ஒரு பரப்பு வேறு வழியில்லாமல் தன்னைத்தானே மூடிக்கொள்ளும்? இந்தக் கேள்வியோடு பதினெட்டு வருடம் முட்டி மோதினேன். அவள் ஒரே மழைக்காலத்தில், சாப்பாட்டு மேசையில் முடித்துவிட்டாள். சரிபார்க்கச் சொல்லி நோட்டை என்னிடம்தான் நீட்டினாள்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கழித்தல் குறியின் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டால் கூட்டல். அவளுடைய பென்சில்தான்.

“என்னங்க, இதை நானா போட்டேன்?”

“உன் நோட்டு, உன் பென்சில். வேற யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?”

சிரித்தாள். திருத்தினாள். மறுநாள் வேறொரு பக்கம். இப்படி ஏழு மாதம். அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். தன் கையெழுத்தையே நம்ப மறுத்தாள். மனநல மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். மாற்றுத் துணி மடித்து வைத்ததும் நான்தான்.

அவள் தம்பி மட்டும் முணுமுணுத்தான். “மாமா, அக்காவுக்குக் கணக்கு வரலைன்னா எனக்குச் சோறு இறங்கலைன்னு சொல்ற மாதிரி. எங்கேயோ இடிக்குது.”

அவள் நிரூபணத்தின் அம்புகளையெல்லாம் வெளியே திருப்பி, என் பெயரில் எழுதினேன். முப்பத்தோராம் பக்கத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். அது இன்னும் உள்ளேயே பார்க்கிறது.

அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கட்டுரை வெளியானதும் அந்தப் பென்சில் வேலையையெல்லாம் நிறுத்திவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். முழு நிரூபணத்தையும் அவள் நினைவிலிருந்து எழுதி, பிழையே இல்லை என்று தைரியமாகச் சொன்னாளாம். இன்னொரு முறை பார்த்துவிட்டு அதையே சொன்னால் மறுநாளே வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

அவள் முகம் கழுவப் போயிருந்தாள். நோட்டு திறந்து கிடந்தது. பக்கத்திலேயே பென்சிலும்.

திரும்பி வந்து பார்த்தவள், நோட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியில் நின்றாள். மெதுவாக நோட்டை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு இன்னும் சரியாகலை.”