அம்மாக்கள் அறை

…அதத்தான் சொல்றேன் கண்ணு, இந்த அறையைத் தொறந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, ஒரு அம்மா உள்ள வந்து உக்காரல. படிக்க வர்ற பொண்ணுங்க கைப்புள்ளையோட அல்லாடுறாங்களேன்னு காலேஜுல எவ்ளோ ஆசையா கட்டினாங்க… காலியா கெடந்தா பொறுப்பா நிக்கிற என்னைத்தானே கேப்பாங்க? பிரின்சிபாலம்மா நேத்து சொல்லிட்டாங்க. யாரும் வரலன்னா உடைஞ்ச பெஞ்சையெல்லாம் உள்ள போட்டுடுவாங்களாம், நான் பழையபடி கக்கூஸ் கழுவப் போகணுமாம். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு…

என்ன, பசிக்கு அழுவுதா? பரிட்சை வேறயா உனக்கு? மணி அடிக்கறதுக்குள்ள பால் குடுத்து, கேட்டுல நிக்கிற நாத்தனார்கிட்ட விட்டுட்டு ஓடணுமா? குடேன், யாரு வேணாம்னா? அதுக்குத்தானே அறையே.

இரு, இரு. கையக் கழுவினியா? சோபா வெள்ளை கலரு, தெரியுமில்ல? பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கல. பூட்டைத் தொறந்ததும் அதுல போய் உக்காராத, ஓரமா நின்னுக்கோ. தொட்டிலா… அது வேணாம், திறப்பு விழா ரிப்பன் இன்னும் கசங்காம இருக்கு. புள்ளையப் போட்டா நனைச்சு வெச்சிடும்.

போன மாசம் ஒருத்தி வந்தா, இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணு. பெரியவன் பிஸ்கட்டைத் தூளாக்கிட்டான். நாலு வார்த்தை நல்லா கேட்டுட்டேன். அப்புறம் அவளும் வரல, அவ கூட்டாளிங்களும் வரல. ஏன்னுதான் புரியல. நானும் அன்னிலேருந்து பூட்டியே வெச்சிருக்கேன், புள்ளைங்க மட்டும் வராம இருந்தா அறை என்ன பளபளப்பா இருக்கு தெரியுமா…

சாவி எங்க போச்சு… என் மவளும் இப்படித்தான் படிச்சிட்டிருந்தா. பேரனை ஒரு மணி நேரம் பாத்துக்கம்மான்னா. இப்பத்தான் வீட்டைப் பெருக்கினேன், அப்புறம் பாக்கலாம்னேன். அதுக்குப் போய் படிப்பையே விட்டுட்டா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒரு வைராக்கியமே கெடையாது…

ஆங், இங்கதான் இருக்கு, இடுப்புலயே. தொறந்துட்டேன், வா… ஏம்மா? எங்க போற? அட, மாடிப்படியிலயா உக்காந்து குடுக்கற? மணி அடிச்சிடுச்சே, பரிட்சைக்குப் போகலையா நீ?

பாரு, கதவை விரியத் தொறந்து வெச்சிருக்கேன். அப்பவும் ஒருத்தி உள்ள வர மாட்டேங்கறா.