பதினொன்றாவது ஆள்

மலையேற வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது சாக்ஸைப் பற்றித்தான். பூட்ஸுக்கு வாரி இறைப்பார்கள், சாக்ஸில் கஞ்சத்தனம் பிடிப்பார்கள். மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளத்தோடு என் முன்னால் வந்து உட்காருவார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கொப்புளங்களுக்கு மருந்து போட்டவன் நான். ஊரில் மருந்துக்கடை, மலையில் குழுவின் வைத்தியப் பொறுப்பு. இரண்டு இடத்திலும் என் மேல் இதுவரை ஒரு புகார் கிடையாது. உங்கள் காகிதத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

பனிச்சிறுத்தையைக் காப்பாற்ற எதற்கு மலையேற வேண்டும், உண்டியல் குலுக்கினால் போதாதா என்று நேற்றுக் கேட்டீர்கள். குலுக்கிப் பார்த்தோம். சில்லறைதான் விழுந்தது. நாங்கள் மூச்சுத் திணற ஒரு கணவாயை ஏறப்போகிறோம், ஏறி முடித்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டால் அதே ஆட்கள் தாராளமாகிவிடுகிறார்கள். அடுத்தவன் படும் பாட்டைப் பார்ப்பதற்குத்தான் மனிதன் மனமுவந்து கொடுப்பான். இந்த உலகத்தை நான் செய்யவில்லை.

அந்தக் கணவாய்க்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் இருக்கின்றன. பாறையில் பொருத்திய கேமராவில் பார்த்தோம். வேட்டைக்காரர்கள் அங்கே கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். கண்ணிகளைத் தேடி எடுக்க நான்கு காவலர்களை வைக்க வேண்டும். அதற்கான மூன்று வருடச் சம்பளத்தைத் தானே தருவதாக ஒரு சோப்புத் தொழிற்சாலை முதலாளி ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை. பதினொரு பேரும் கணவாயின் உச்சியில் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கிடையாது. அந்தப் படிவத்தில் குழுவின் சார்பில் கையெழுத்துப் போட்டவன் நான்.

புறப்படப் பத்து நாள் இருக்கும்போது எங்களில் ஒருவரான தபால்காரருக்கு முழங்கால் பிசகிவிட்டது. யாரைக் கேட்டாலும் வேலை, கல்யாணம், வாயுத் தொல்லை. கடைசியில் என் மைத்துனனைக் கேட்டேன். என் மனைவியின் ஒரே தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக். முப்பத்து நான்கு வயது, நல்ல தொப்பை, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அதற்குமுன் அவன் ஏறிய பெரிய உயரம் எங்கள் வீட்டு மொட்டைமாடி.

"படியேறினாலே அவனுக்கு மூச்சு வாங்குதுங்க. வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு அக்கா. நாள் முழுக்க ஃபிரிட்ஜுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கிறவன் நான். குளிர் என்னை என்ன பண்ணிடும்?" என்றான் அவன். நான் கேட்டு அவன் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதைத் தெரிந்துதான் கேட்டேன். பயிற்சி நடைகள் எல்லாம் முடிந்துபோயிருந்தன. அவனை நேரடியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் வழக்கத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முகாம் போட்டதும் மாலை ஐந்து மணிக்கு நான் ஒவ்வொருவர் விரலிலும் சின்ன கிளிப்பை மாட்டுவேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். என் நோட்டில் எழுதுவேன். வழிகாட்டி வந்து நோட்டைப் பார்ப்பார். எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் அந்த ஆளை உடனே குதிரையில் கீழே அனுப்பிவிடுவார். பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் குளிர்ந்த விரலில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். அதனால் எண் குறைவாக வந்தால் கையைத் தேய்த்துச் சூடாக்கி இன்னொரு முறை பார்ப்போம். இரண்டில் எது அதிகமோ அதை எழுதுவோம். பன்னிரண்டு வருடமாக இதுதான் நடைமுறை. இதில் தவறு எதுவும் இல்லை.

கடைசி முகாமில் என் மைத்துனன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். தலை வெடிக்கிறது என்றான். இருமினான். நான் விரலைப் பிடித்தேன். ஐம்பத்தெட்டு. கையைத் தேய்த்து, என் அக்குளில் வைத்துச் சூடாக்கி மறுபடியும் பார்த்தேன். அறுபத்தொன்று. அவனுடைய கை அப்போது என் கையைவிடச் சூடாக இருந்தது.

"எவ்வளவு மாமா?"

"கை சில்லுன்னு இருக்கு மாப்பிள்ளை. அதான் குறைவா காட்டுது."

"நான் வேணும்னா இறங்கிடவா? உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்."

"காலையில சரியாயிடும். படு."

நோட்டில் எண்பத்து மூன்று என்று எழுதினேன். வழிகாட்டி கூடாரத்துக்குள் தலையை நீட்டினார். அவன் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கருவியையே காட்டச் சொன்னார். நல்ல மனிதர், அவர் மேல் வழக்குப் போடாதீர்கள். அவனுடைய கை என் கையோடு கம்பளிக்கு அடியில் இருந்தது. கிளிப்பை என் விரலில் மாட்டி, கம்பளி ஓரத்தில் எண் மட்டும் தெரியும்படி காட்டினேன். எண்பத்தாறு. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

காலையில் அவன் பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூளையில் நீர் கோத்தால் அப்படித்தான் ஆகும். மருந்துக்கடைக்காரனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். குனிந்து, பூட்ஸைக் கழற்றி, சரியாக மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினேன். தலைவலிக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன். தேநீருக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அவனை நான் ஒருபோதும் கடிந்து பேசியதில்லை. குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என்னைப்போல் அவனைப் பார்த்துக்கொண்டவர் இல்லை என்பார்கள்.

வழிகாட்டி முன்னால் தடம் வெட்டிக்கொண்டு போனார். நாங்கள் கடைசியில் வந்தோம். நான்கு மணி நேரம் அவன் இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஏறினேன். நடுவில் ஒருமுறை, "கம்ப்ரசர் போயிடுச்சு மாமா, பார்ட்டிகிட்ட சொல்லிடுங்க" என்றான். சொல்லிவிட்டேன் என்றேன். சமாதானமாகி நடந்தான். உச்சியில் இரண்டு பக்கமும் ஆள் தாங்கிக்கொள்ள, படம் எடுத்தோம். பதினொரு பேர். இறங்கத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில், ஒரு பாறையில் சாய்த்து உட்காரவைத்தபோது, அவன் போய்விட்டான்.

கருவிக்கு நினைவகம் உண்டு. நேரத்தோடு எல்லா எண்களையும் வைத்துக்கொள்ளும். என் கடையில் நான் விற்கிற சாமான், எனக்குத் தெரியாதா? அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து என் பையை எடுத்துவைக்கும்போது மனைவி அந்த நினைவகத்தைத் திறந்து பார்த்தாள். இருபது வருடம் என்னோடு கடையில் நின்றவள். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு அறுபத்தொன்று, ஐந்து பன்னிரண்டுக்கு எண்பத்தாறு. நோட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

நான் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. காவலர்கள் வேலையில் சேர்ந்துவிட்டதைச் சொன்னேன். முதல் மாதத்திலேயே நாற்பத்தொரு கண்ணிகளை எடுத்துவிட்டார்கள், குட்டிகள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்றேன்.

"சந்தோஷம். என் தம்பிக்கு நீங்க வச்ச கண்ணியை எடுக்க ஒரு ஆளை வச்சிருக்கலாமே" என்றாள். கருவியை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேரே உங்களிடம் வந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒரு தம்பிதான். என் கணக்கில் பள்ளத்தாக்கு முழுக்க இருந்தது. இதை எந்த நீதிபதி முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் இன்று உங்களை வரச்சொன்னேன்.

சோப்பு முதலாளி இங்கே வந்து அழுதாராம். கடைசி முகாமுக்கு அன்று நான்கு மணிக்கு அவரே சாட்டிலைட் போனில் கூப்பிட்டாராம். பதினொன்று என்று போட்டது ஒரு விளையாட்டுக்குத்தான், யாருக்காவது முடியவில்லை என்றால் இறங்கிவிடுங்கள், பணம் எப்படியும் உண்டு என்று சொல்ல வந்தாராம். பாதியில் லைன் போய்விட்டதாம். பாவம், அது மட்டும் இவர் காதில் விழுந்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான் என்று நீங்களே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினீர்கள். என் மாமியாரும் அதையேதான் சொல்கிறாராம். என்னை யாரும் பாவம் பார்க்க வேண்டாம்.

லைன் நன்றாக இருந்தது. "யாருக்காவது முடியலைன்னா இறங்கிடுங்க சார், பணம் எடுத்து வச்சாச்சு" என்று அவர் சொன்னது, நீங்கள் இப்போது பேசுவதைப்போல் தெளிவாகக் கேட்டது. கேட்டுவிட்டு நான்தான் துண்டித்தேன். அடுத்த கூடாரத்தில் மைத்துனன் இருமிக்கொண்டிருந்தான். ஏறுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏறாமல் கையேந்தி வாங்க எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் நான் வைத்தியம் பார்த்த ஒரு ஆளும் உச்சியைத் தொடாமல் திரும்பியதில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். பிறகு கருவியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

அந்தக் குட்டிகளுக்காக மட்டும்தான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.