வீட்டுக்கு ஏற்ற ஆள்

ஜன்னல் கண்ணாடி துடைக்க என்னென்னவோ புட்டிகள் கடைக்கு வந்துவிட்டன, ஐயா. ஆனால் வினிகர் கலந்த தண்ணீரும் பழைய செய்தித்தாளும் தருகிற பளபளப்பை வேறெதுவும் தருவதில்லை. லெயோகாடியா வ்ரோனா அப்படித்தான் துடைப்பார். அவரை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டீர்கள். அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் வாக்குமூலத்தை நீங்கள் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறீர்கள். பரவாயில்லை, நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் கிராஜினா. வயது அறுபத்திரண்டு. போலந்தில் வேறு ஊருக்குப் போகாமல் இந்த வூச் நகரத்திலேயே, ஒரே அறக்கட்டளையில், இருபத்தோரு வருடமாக வேலை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். தெருவுக்கே வந்துவிட்டவர்களுக்கு, எங்களிடம் வீடு இருந்தால், வீடு கொடுப்பேன். பெரும்பாலும் இருக்காது. போன கோடையில் ஒரு நன்கொடையாளர் ஒன்று கொடுத்தார். இரண்டாம் மாடி, ஓர் அறை, சமையலறை, உள்ளேயே குளியலறை. நம்முடைய பழைய செங்கல் கட்டடங்களில் குளியலறை உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்தோம். நிறம் நான் தேர்ந்தெடுத்தது.

முதலில் மியெதெக் என்பவரைக் குடிவைத்தோம். எட்டு வருடம் தெருவில் கிடந்தவர். மூன்றாவது வாரம் குளியல் தொட்டிக்குள் விறகு அடுக்கித் தீ மூட்டிவிட்டார்.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க?" என்றேன்.

"குழியாட்டம் இருந்துச்சுக்கா. காத்தடிக்காத எடமாப் பாத்துதானே தீ மூட்டணும்?" என்றார்.

அவர் தானாகவே போய்விட்டார். நான் இரண்டு நாள் முட்டிபோட்டுத் தொட்டியைத் தேய்த்தேன். கரி முழுக்கப் போகவில்லை. அடுத்து வருகிறவர் அந்த வீட்டுக்கு ஏற்றவராக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

செப்டம்பரில் லெயோகாடியா வந்தார். ஐம்பத்தெட்டு வயது. பஞ்சாலையில் நூல் நூற்றவர். ஆலை மூடியபின் மாடிப்படி கழுவிப் பிழைத்தவர். அவர் இருந்த கட்டடத்தை ஒருவர் வாங்கி எல்லாக் குடித்தனங்களையும் கிளப்பிக்கொண்டிருந்தார். கோர்ட் தீர்ப்பும் ஆகிவிட்டது. அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி கோர்ட் அமீனா வந்து வெளியேற்றுவார் என்று தாள் வந்திருந்தது. மனுவுக்கு விவரம் எடுக்க நேரில் போனேன்.

"காலணியக் கழட்டுங்க. இன்னும் இது என் வீடுதான்" என்று வாசலிலேயே வீட்டுச்செருப்பை நீட்டினார். உரிமையாளர் குழாய்த் தண்ணீரை நிறுத்தியிருந்தார். மற்றக் குடித்தனங்கள் போய், கட்டடமே இருண்டு கிடந்தது. இவர் மட்டும் அடுத்த தெருவிலிருந்து வாளியில் சுமந்து வந்து ஜன்னலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குடிக்கவே தண்ணி இல்ல. ஜன்னல் கேக்குதா?"

"வாங்கினவன் தெனமும் கார்ல வந்து அண்ணாந்து பாக்கறான் கிராஜினாம்மா. எல்லாம் இருட்டா இருக்க, ஒண்ணு மட்டும் மினுக்குதில்ல? அது அவன் கண்ணுல விழுந்த தூசு. உறுத்தட்டும்."

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஏற்ற ஆள் இவர்தான். அவரிடம் ஒரே ஒரு குறை. அவருக்கு வீடு இருந்தது.

நன்கொடையாளரின் நிபந்தனை எழுத்தில் இருக்கிறது, படித்திருப்பீர்கள். நோட்டீஸ் வந்தவர் போதாது. கூரை இல்லாதவராக இருக்க வேண்டும். மனிதர் வசிக்கத் தகாத இடத்தில் தொடர்ந்து பதினைந்து இரவு கழித்ததை எங்கள் ஆள் நேரில் பார்த்துப் பதிய வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் ஆள் வராவிட்டால் வீட்டைத் திருப்பித் தர வேண்டும்.

இன்னொரு பக்கம் சட்டம். நவம்பர் ஒன்றிலிருந்து மார்ச் முடியும்வரை யாரையும் வீட்டைவிட்டு இறக்கக் கூடாது. அமீனாவின் தேதி மூன்றே நாள் தள்ளிப்போனால் போதும், லெயோகாடியா வசந்தம்வரை அசைய வேண்டியதில்லை. என் மனுக்கள் அந்த மூன்று நாளை எளிதாக வாங்கித் தந்துவிடும். இதையும் நன்றாகவே எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார். நானே கோர்ட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். சேர்க்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். சேர்த்திருந்தால் தண்ணீர் இல்லாத கட்டடத்தில் ஐந்து மாதம். ஏப்ரலில் எப்படியும் தெரு. சேர்க்காவிட்டால் பதினைந்து இரவு கஷ்டம்; அதற்குப்பின் ஆயுள் முழுக்க வீடு. எது பெரிது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரையே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பார்.

அமீனா வந்த காலையில் லெயோகாடியா தரையைக் கழுவி முடித்திருந்தார். "ஈரம் காயல, ஓரமா நடங்க" என்று அமீனாவையே அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோர்ட்டுலேருந்து பதிலே வரலியா?"

"வரல" என்றேன். அது பொய் இல்லை.

இரவு விடுதியில் ஒரு கட்டில் ஒதுக்கியிருப்பதாக அமீனா ஒரு சீட்டு நீட்டினார். அதை நான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். விடுதியும் கூரைதானே. வெளியே வந்ததும் எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன், படம் காட்டினேன். படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு நாளா? என் தங்கச்சி மக பக்கத்து ஊரு பபியானித்ஸேல இருக்கா. அவ சோபாவுல சுருண்டுக்கறேன்."

"ஒரு ராத்திரி கூரைக்குக் கீழ படுத்தாலும் எண்ணிக்கை போயிடும். மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும்."

"அப்ப எனக்கு வீடு கெடைக்கணும்னா, வீடு இருக்கறவ எவளும் என்னை உள்ள விடக் கூடாது. நல்லாருக்கும்மா உங்க தர்மம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தெருவில் விட எனக்கு மனம் வரவில்லை. செத்துப்போன என் அண்ணனின் தோட்டத் துண்டு ஊர் எல்லையில் இருக்கிறது. அதில் ஒரு மரக் குடில், அதற்குள் குளிர் காயச் சின்ன இரும்பு அடுப்பு. அடுப்பு இருந்தால் வசிக்கத் தக்க இடம் என்று ஆகிவிடும். ஆகையால் முன்கூட்டியே ஆள் வைத்து அடுப்பைக் கழற்றி எடுத்துவிட்டேன். கம்பளி மூன்று கொடுத்தேன். தினமும் மதியம் தூக்குப்பாத்திரத்தில் புளித்த ரை தானிய மாவு சூப் கொண்டுபோனேன், முட்டையும் போட்டு. எங்கள் அறக்கட்டளைப் பையன் ஸ்லாவெக் தினமும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துப் பதிந்து வருவான்.

கல்லறைகளில் விளக்கு வைக்கிற அனைத்துப் புனிதர் திருநாள் முடிந்ததும் லெயோகாடியா பக்கத்துக் கல்லறைக்குப் போய், எரிந்து மீந்த விளக்குகளைப் பொறுக்கி வந்துவிட்டார். குடிலுக்குள் சுற்றி வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"பொணத்துக்கு வச்ச வெளக்கும்மா. பாக்கறவன், இவளுக்குச் சடங்கு முடிஞ்சுருச்சுன்னு நெனச்சுக்குவான்" என்றார்.

ஏழு இரவு ஒழுங்காகப் போனது. எட்டாவது நாள் மழை. குடில் ஒழுகி, அவர் யாரிடமும் சொல்லாமல் ரயில் நிலையத்துப் பக்கம் வீடில்லாதவர்கள் இரவில் குளிர் காய்கிற கூடத்துக்குப் போய்விட்டார். காலையில் ஸ்லாவெக் தலைகுனிந்து நின்றான்.

"ஒரு ராத்திரிதானேக்கா. எழுதிடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். இருபத்தோரு வருஷத்துல ஒரு பொய்ப் பதிவு போட்டதில்ல ஸ்லாவெக்."

நவம்பர் ஆறாம் தேதி மறுபடி ஒன்று என்று எழுதினோம்.

எண்ணிக்கை பத்தைத் தாண்டியதும் கடுங்குளிர் வந்தது. மைனஸ் ஒன்பது. ஸ்லாவெக் இன்னொரு முறை கேட்டான். கேட்டான் என்பதைவிட, கெஞ்சினான். "அந்தம்மாவுக்குப் பேச்சே கொழறுதுக்கா. வாங்க, கூட்டிட்டுப் போயிடலாம்." இத்தனை பட்டபின் இப்போது கூட்டிப்போனால் அவர் பட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று விளக்கிச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

பத்தொன்பதாம் தேதி மதியம் போனபோது சூப்பைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. விரல் மடங்கவில்லை. நான் ஊட்டிவிட்டேன். நாலு கரண்டி.

"கிராஜினாம்மா... அந்த வீட்டுச் சாவிய ஒரு தடவை கையில குடுங்களேன். வச்சுப் பாத்துட்டுத் தந்துடறேன்."

"நாளை மறுநாள் உங்க கையிலேயே இருக்கும்" என்றேன். அதற்குமுன் கொடுப்பது முறையில்லை.

மறுநாள் ஆறே காலுக்கு ஸ்லாவெக் போன் செய்தான். "பதினாலுன்னு எழுதவா, பதிமூணுன்னு எழுதவா? நீங்களே சொல்லுங்கக்கா" என்றான். குரலில் மரியாதை இல்லை. எந்த நேரத்தில் உயிர் போனது என்று தெரியாமல் எதையும் எழுத வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும் என்றேன். உங்களுக்கு முதலில் தகவல் சொன்னவனும் அவன்தான் என்று அறிகிறேன். கோபமில்லை. அவன் இளகிய மனசுக்காரன். இந்த வேலைக்கு அது சரிப்படாது.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். மனுவைக் கோர்ட்டில் சேர்க்காதவள் நான். விடுதிச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டவள் நான். தங்கை மகள் வீட்டுக்குப் போகாமல் தடுத்ததும், அடுப்பைக் கழற்றியதும் நான். குளிர் எவ்வளவு இறங்கப் போகிறது என்று வானொலியில் தினமும் கேட்டேன். தெரியாமல் செய்தது ஒன்றும் இல்லை. மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அத்தனை இரவும் அந்த வீடு சும்மா பூட்டித்தானே கிடந்தது என்று கேட்டீர்கள். சும்மா கிடக்கவில்லை, ஐயா. தினமும் குடிலிலிருந்து நேரே அங்கேதான் போவேன். இருபத்தொரு டிகிரியில் இரவும் பகலும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிமிஷமும் ஓடுகிறது. யாரும் போய் அணைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆளில்லாத வீடு குளிர் தாங்காது.