பஞ்சத்துக்கு முந்தைய பத்து வருஷம்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, காலமான என் சின்ன மருமகனோடு வேலை பார்த்த புள்ளிவிவரத் துறைப் பிள்ளைகளே, உறவுக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஓரத்து நாற்காலியில் இருக்கும் பழைய இயக்குநருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது என்பது அவருக்குத் தெரியும்.

முன்னால் பேசியவர்கள் என் மருமகனை அமைதியானவர் என்றார்கள். வீட்டில் அவர் எங்கே அமைதியாக இருந்தார்? பக்கத்து நாட்டிலிருந்து விருந்தாளி வந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்பே அங்கே சோப்பு என்ன விலை, முடி வெட்ட எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்பார். வழுக்கைத் தலைச் சம்பந்தி ஒருவர் தன்னைக் கிண்டல் செய்வதாக நினைத்து, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

ஒரு நாட்டில் ஒரு வருஷம் விளைந்தது, செய்தது எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு ஒரு பங்கு போடுவதுதான் அவர் வேலை. நம் பங்கு எவ்வளவு, பக்கத்து நாட்டார் பங்கு எவ்வளவு, வருஷா வருஷம் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள்? அதை ஒப்பிடத்தான் அந்தச் சோப்பு விலை, முடி வெட்டும் கூலி எல்லாம். இரண்டு நாட்டுக்கும் இரண்டு கோடு. அந்தப் படம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. "என் பங்கு எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"கணக்குல வந்திருச்சு அத்தை. கைக்குத்தான் வரல."

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். ஆனால் அந்தப் படம் எனக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் பத்து வருஷம் நம் கோடு அவர்களுக்கு மேலே போகும். அப்புறம் பஞ்சம். நம் கோடு குப்புற விழும். அவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள். நாம் எழுந்து ஏறினோம், ஆனாலும் இன்றுவரை எட்டிப் பிடிக்கவில்லை.

அரசாங்க விழாவுக்கு அந்தப் படம் வேண்டுமென்று இயக்குநர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தண்ணீர் கொடுத்தவள் நான். பஞ்சம் வந்த வருஷத்தில் இரண்டு கோட்டையும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கு என்றார். அப்படித் தொடங்கினால் நாம் பறப்பது போலவும் அவர்கள் தவழ்வது போலவும் தெரியும்.

என் மருமகன் குரலை உயர்த்தவில்லை. "குழியிலேர்ந்து ஏறினத மலை ஏறினதா எழுத முடியாது சார்" என்றார்.

மறுவாரமே பழைய காகிதக் கிடங்குக்கு மாற்றல். ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஒரு தடவையாவது வாய் திறந்து புலம்பினாரா? இல்லை. அவருக்கும் சேர்த்து நான் புலம்பினேன். கடைக்கு மேல் கடை திறந்த என் மூத்த மருமகனோடு அவரை ஒப்பிட்டுக் குத்திக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அத்தை, நீங்களும் எங்க டைரக்டர் மாதிரிதான். என்னைக் கிடங்குக்கு அனுப்பின வருஷத்துலேர்ந்தே தொடங்குறீங்க. அதுக்கு முன்னாடி அண்ணன் கடை நொடிச்சப்போ நாலு வருஷம் ரெண்டு குடும்பமும் யார் சம்பளத்துல சாப்பிட்டோம்? அதையும் சேர்த்துப் போடுங்க."

அதோடு சரி. மூத்தவரோடு அவரை மறுபடி ஒப்பிட்டதில்லை.

இப்போது எல்லோரும் எனக்குப் பின்னால் இருக்கும் பதாகையைப் பாருங்கள். அவர் நினைவாகத் துறை அந்தப் படத்தைப் போட்டிருக்கிறது. எந்த வருஷத்தில் தொடங்குகிறது? பஞ்சத்தில். அவர் வரைய மறுத்த அதே படம். அதற்கு முந்தைய பத்து வருஷம் இருக்க வேண்டிய இடத்தில், யாருடைய புகைப்படத்தை ஒட்டியிருக்கிறீர்கள்? அவர் முகத்தை வைத்தா அதை மறைப்பது?

பிள்ளைகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்ததை அச்சடித்திருப்பீர்கள். அடுத்த மாதம் வரப்போகும் நினைவு மலரில் கோட்டை முழுதாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் அவர் புகைப்படத்தை எடுத்துவிடுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

எங்கள் வீட்டுப் படத்தில் இந்த வருஷத்துக்கான இரண்டு புள்ளிகளை அவர் வைக்கவில்லை. அதற்குள் போய்விட்டார். இனி அவற்றை என் மகள் வைப்பாள். நம் புள்ளி கீழே விழுந்தால் கீழேதான் வைப்பாள். பக்கத்தில் நான் நின்று பார்ப்பேன்.